தெருவுக்கு ஒரு பியட்

1980களின் கடைசியில் எங்கள் பக்கம் பழைய கார் தேடிப் போனவர்களுக்கு மெக்கானிக் முதலில் சொன்னது இதுதான்: "தூத்துக்குடி வண்டி வேண்டாம் அண்ணாச்சி. மேல பார்க்க மினுமினுன்னு இருக்கும். மேட்டைத் தூக்கிப் பார்த்தா உப்புக்காத்துல அடித்தகடு அரிச்சுப்போயிருக்கும். விருதுநகர் வண்டியாப் பாருங்க."

மழை குறைந்த, காற்றில் ஈரமே தங்காத கரிசல் பூமி இது. அந்த வறட்சியை நம்பித்தான் 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றுவந்து சிவகாசியில் தீப்பெட்டி ஆபீஸ் வைத்தார்கள். தீக்குச்சியும் பட்டாசு மருந்தும் அச்சடித்த தாளும் காய எந்த வெயில் உதவியதோ, அதே வெயில்தான் பழைய காரின் தகட்டையும் துரு அண்டாமல் வைத்திருந்தது.

நான் வாங்கியது 1978 மாடல் பிரீமியர் பத்மினி. பம்பாய் குர்லாவில் செய்துவந்த பியட் 1100 டிலைட் 1970களில் பத்மினி ஆகியிருந்தது. தெருவில் யாருக்கும் அது பியட்தான். விருதுநகரில் பருப்பு மண்டி வைத்திருந்த ஒருவர் மாருதி 800 எடுப்பதற்காக விற்றார். 1983 டிசம்பரில் மாருதி வந்த பிறகு எத்தனையோ வீடுகளில் பியட் இப்படிக் கைமாறியது. காலண்டர் ஏஜென்ட்டான எனக்கு அப்படித்தான் ஒரு கார் எட்டியது. வாங்கிய கையோடு இருக்கன்குடி மாரியம்மன் கோயில் வாசலில் நிறுத்தி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி, சாத்தூரில் காராச்சேவு வாங்கிக்கொண்டு திருத்தங்கல் வந்து சேர்ந்தோம்.

என்ன அழகான வண்டி அது! 1089 சிசி இன்ஜின். கியர் ஸ்டியரிங்கோடு ஒட்டி இருக்கும். முன்சீட்டு ஒரே பெஞ்சு. டிரைவர் போக இருவர் உட்காரலாம், குழந்தையை மடியில் வைத்தால் மூவர். சோக்கை இழுத்துச் சாவியைத் திருப்பினால் இன்ஜின் இரண்டு செருமல் செருமிவிட்டுப் பிடித்துக்கொள்ளும். சித்திரை, வைகாசி வெயிலில் மட்டும் பெட்ரோல் பம்ப் சூடேறி, பெட்ரோல் ஆவியாகி, ஆமத்தூர்ப் பக்கம் நடுரோட்டில் நின்றுவிடும். பானெட்டைத் திறந்து பம்ப் மேல் ஈரத்துணியைச் சுற்றிவிட்டு ஒரு வேப்ப மரத்தடியில் காத்திருக்க வேண்டும். கொஞ்சம் ஆறியதும் கிளம்பும். பாயிண்ட்டில் கரி படிந்தால் எங்கள் மெக்கானிக் எமரித் தாளைத் தேடமாட்டார். சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து, அதன் பக்கவாட்டு மருந்துப் பட்டையைக் கிழித்து இரண்டு தேய் தேய்ப்பார்.

ஆடிப்பெருக்கன்று சிவகாசியில் புது வருடத்துக் காலண்டர் ஆல்பம் போடுவார்கள். மறுநாளிலிருந்து என் பியட்டின் டிக்கியில் முருகனும் லட்சுமியும் காமராஜரும் இயற்கைக் காட்சிகளும் அடுக்கியிருக்கும். கோவில்பட்டி, ராஜபாளையம், தென்காசி என்று ஜவுளிக்கடை, நகைக்கடை, அரிசிக்கடை ஏறி இறங்குவேன். பஸ்ஸில் ஆல்பம் சுமந்த காலத்தில் என்னை வாசலிலேயே நிறுத்திப் பேசிய கடைக்காரர்கள், காரில் இறங்கியதும் நாற்காலி போட்டார்கள். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது.

ஆனால் அந்த வண்டியை நான் இத்தனை வருடம் கழித்தும் நினைத்துக்கொண்டிருப்பது இதற்காகவெல்லாம் இல்லை.

எங்கள் தெருவில் கார் வாங்குகிறவருக்கு யாரும் எழுதி வைக்காத ஒரு கடமை கூடவே வந்து சேரும். சுற்றுவட்டாரத்தில் எந்தப் பட்டாசு ஆலையில், எங்கள் பேச்சில் பயர் ஆபீஸில், வெடித்தாலும் வண்டியை எடுத்தாக வேண்டும். 108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டுக்கு வந்தது 2008இல். அதற்கு முன்னால் எங்களுக்கு லோடு வேன், ஜீப், முதலாளிகளின் அம்பாசிடர், இவற்றோடு என்னுடையதைப் போன்ற பியட். சத்தம் கேட்டதும் பெண்கள் வாசலுக்கு வந்து புகை எந்தத் திசையில் எழுகிறது என்றுதான் பார்ப்பார்கள். அந்தத் திசையில் வேலைக்குப் போனவர்கள் யார் யார் என்று அடுத்த நொடியே பேச்சு ஓடும். அதற்குள் ஒருவர் கதவைத் தட்டிவிடுவார்: "அண்ணாச்சி, வண்டிய எடுங்க."

அதனால் வண்டியை எப்போதும் முகம் தெருவைப் பார்க்கவே நிறுத்துவேன். அரை டேங்குக்குக் கீழே பெட்ரோல் இறங்க விடமாட்டேன். பின்சீட்டில் துவைத்த பருத்தி வேட்டி ஒன்று, தண்ணீர் கேன் ஒன்று. சாவி வீட்டுக்குள் தினசரிக் காலண்டருக்குப் பக்கத்து ஆணியில் தொங்கும். நான் ஊரில் இல்லாவிட்டால் ஓட்டத் தெரிந்த யாரும் எடுத்துக்கொள்ளலாம். என் மனைவி ஒருநாளும் யாரிடமும் ஏன், எதற்கு என்று கேட்டதில்லை.

பெரிய காயமென்றால் மதுரை பெரியாஸ்பத்திரிதான். எழுபது கிலோமீட்டருக்குக் குறையாத தூரம். பின்சீட்டில் வாழையிலையை விரித்து ஆளைப் படுக்கவைப்போம்; பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து ஒருவர் பேசிக்கொண்டே வரவேண்டும். திருத்தங்கல் ரயில்வே கேட் சாத்தியிருந்தால் அந்தச் சில நிமிடங்கள் வாழ்நாளில் மறக்காது. பட்டாசுக்குத் திரி வைக்கிற ஒரு அம்மாவை அப்படி ஏற்றிப்போனோம். வழியெல்லாம் அவர் கேட்டது ஒன்றுதான்: "பிள்ளைக பள்ளிக்கூடம் விட்டு வந்துருமே, யாரு சாவி குடுப்பா?" அவர் பிழைத்து வந்தார். இன்னொரு முறை ஏற்றிப்போன இளைஞர் பிழைக்கவில்லை. வரும்போது விருதுநகர் வரை வண்டிக்குள் யாரும் பேசவில்லை. சீட்டு ரெக்சினை மாற்றினேன். என் அம்மா மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். அடுத்த வாரமே குற்றாலச் சீசனுக்கு அதே சீட்டில் குழந்தைகள் ஏறிக் கும்மாளம் போட்டார்கள். இரண்டும் ஒரே வண்டியில்தான் நடந்தன; எனக்கு அதில் முரண் தெரியவில்லை, ஊரின் வாழ்க்கையே அப்படித்தான் இருந்தது.

2000ஐ ஒட்டி பத்மினி தயாரிப்பு நின்றது. உதிரிப் பாகம் கிடைக்காமல் கொஞ்ச காலம் தள்ளிவிட்டு மெக்கானிக்கிடமே கொடுத்துவிட்டேன். மும்பையின் கடைசிப் பத்மினி டாக்சி 2023 அக்டோபரில் ஓய்வுபெற்றது என்று செய்தி வந்த அன்று அவருக்குப் போன் போட்டு நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

இப்போது எங்கள் தெருவில் கார் இல்லாத வீடுகளை எண்ணிவிடலாம். நான்குவழிச் சாலையில் விருதுநகர் ஊருக்குள் நுழையாமலே மதுரை போகிறோம். கப்பலூர் டோல்கேட்டில் கண்ணாடியில் ஒட்டிய பாஸ்டேக் தானாகவே பணம் கட்டிவிடுகிறது. 2022 ஜனவரியிலிருந்து விருதுநகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி. 108 வந்து நிற்கும்போது உள்ளே ஆக்சிஜனும் பயிற்சி பெற்ற ஆளும் இருக்கிறார்கள். என் பியட்டில் போனதைவிட ஆயிரம் மடங்கு மேல். இன்றிருப்பது அன்றே இருந்திருந்தால் அந்த இளைஞர் பிழைத்திருக்கக்கூடும் என்று நினைக்காத நாளில்லை.

இத்தனையும் மாறின. சத்தம் கேட்பது மட்டும் நிற்கவில்லை. 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டி, 2024 மே 9இல் செங்கமலப்பட்டி, 2025 ஜூலை 1இல் சின்னக்காமன்பட்டி. கூடுதல் ஆள், கூடுதல் மருந்து, அவசர உற்பத்தி: விசாரணைகளில் திரும்பத் திரும்ப எழும் கேள்விகள் இவைதான். நல்ல ரோடு போட்டது போல, நல்ல வண்டி வந்தது போல, இதற்கும் ஒரு தீர்வு வந்திருக்க வேண்டும். விபத்துக்குப் பிறகு வேகமாகப் போவதில் நாம் காட்டிய அக்கறையில் பாதியை விபத்து நடக்காமல் தடுப்பதில் காட்டியிருக்கிறோமா என்று ஒவ்வொரு ஆபீஸ் முதலாளியிடமும் அதிகாரியிடமும் கேட்க விரும்புகிறேன்.

என் மகனின் கார் சிஎன்ஜி வண்டி. பட்டனை அமுக்கினால் கிளம்புகிறது, திரையைப் பார்த்தே பின்னால் எடுக்கலாம். முகம் தெருவைப் பார்க்க நிறுத்தச் சொன்னேன், "ஏன்ப்பா?" என்று கேட்டான், சொன்னேன், அன்றிலிருந்து ரிவர்ஸில்தான் ஏற்றுகிறான். டிக்கியைக் கேஸ் சிலிண்டர் அடைத்துக்கொண்டிருப்பதால் தண்ணீர் கேனை முன்சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறோம்.