டீக்கடைக்கு டீசல் கார்

ஏலே மருமவனே, வண்டி கரும்புகை தள்ளுது, நின்னா உதறுது, ஏத்தத்துல இழுக்க மாட்டேங்குதுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுதியாமே. பின்ன? கூப்பிடு தூரத்து டீக்கடைக்கு டீசல் காரை எடுக்கே. இஞ்சின் சூடேறுததுக்குள்ள வடை வந்திருது, வண்டியை ஆஃப் பண்ணிருத. கரி எங்க போகும்? உள்ளயே குடியிருக்கு.

அது குடியிருக்க வீட்டுக்குப் பேருதான் இ.ஜி.ஆர். வால்வு. எரிச்சுத் தள்ளின புகையில ஒரு பங்கைத் திரும்ப இஞ்சினுக்குள்ளயே விடுத கதவு. தலைவரைக்கும் போர்வையை மூடிப் படுத்தா, விட்ட மூச்சையே இழுத்து மந்தமாயிருவோம்லா, அதே வேலைதான். ஆக்சிஜன் குறையும், எரியுத சூடு தணியும். சூடு எகிறினா காத்துல இருக்க நைட்ரஜன் ஆக்சிஜனோட சேந்து நெஞ்சைக் கெடுக்குத நைட்ரஜன் ஆக்சைடு வாயுவாயிரும். டீசல் காரு விடுத அந்த வாயுவுக்கு, பி.எஸ். 4 புகை விதியில கிலோமீட்டருக்கு 0.25 கிராம்னு விட்டு வச்சிருந்த சர்க்கார், 2020 ஏப்ரல்ல பி.எஸ். 6 கொண்டுவந்து 0.08-க்கு இறுக்கிட்டான். அந்தக் கதவுலதான் புகைக் கரியும் கிராங்க்கேஸ்ல இருந்து வார ஆயில் ஆவியும் கலந்து கருப்புக் களியாப் படியுது. திறந்தபடி சிக்கினா ஒனக்கு உதறலும் புகையும். மூடினபடி சிக்கினா ஊருக்கு விஷவாயு.

"தகடு வெட்டி வால்வை அடைச்சுருவோம் மாமா"ன்னான் ஒன் கூட்டாளி. அடைலே, நல்லா அடை! பரிசோதனைக்கூடத்துல ஒரு மாதிரி, ரோட்டுல ஒரு மாதிரி புகையை விடக் கம்ப்யூட்டர்ல எழுதி வச்ச வோக்ஸ்வேகன்காரனே 2015-ல மாட்டிக்கிட்டான். நீ மாட்ட மாட்டே. நம்ம ஊர் புகைச் சோதனையில டீசல் வண்டிக்குக் கருப்பு எவ்வளவுன்னுதான் பாக்கான், நைட்ரஜன் ஆக்சைடைப் பாக்கல. சர்டிபிகேட்டுல நீ உத்தமன். ஆனா வண்டிக் கம்ப்யூட்டர் ஒன் கூட்டாளி இல்லயே, செக் லைட்டை ஏத்தும், பல வண்டியில இழுவையையும் குறைச்சிரும். ஒடனே நீ அந்த லைட்டு மேல கருப்பு டேப் ஒட்டுவே. ஒன் மூளை எனக்குத் தெரியாதா?

அடைக்காம கழுவணும்லே. ஆனா வால்வைக் கழத்துததுக்கு முன்னால நோய் அங்கதானான்னு பாரு. ஏர் ஃபில்டரை என்னைக்காவது தட்டினியா? டர்போ ஹோஸ் கிளிப் லூசா? அதெல்லாம் பாத்துட்டு ஸ்கேனரைப் போடு. பிழைக் கோடு பி0401-ன்னா புகை போதுமான அளவு திரும்பல, பி0402-ன்னா அளவுக்கு மேல திரும்புது. கம்ப்யூட்டர் திறன்னு சொன்ன அளவும் வால்வு திறந்த அளவும் ஒத்துப்போகுதான்னு பாரு. பழைய வேக்குவம் வால்வுன்னா இஞ்சினை ஐடில்ல ஓடவிட்டு, வால்வுக்குக் கைப்பம்புல வேக்குவம் கொடு. உதறணும். உதறினா வால்வு அசையுதுன்னு அர்த்தம், பயந்து ஓடிராதே. கம்முன்னு இருந்தா ஒண்ணு ரப்பர் கிழிஞ்சிருக்கும், இல்லன்னா உள்ள அடைச்சிருக்கும்.

இனி கழுவு. இஞ்சின் ஆறியிருக்கணும், பேட்டரி நெகட்டிவ் கழண்டிருக்கணும், வாயில பீடி இருக்கக் கூடாது, கிளீனர் பத்திக்கிடும். கப்ளரை லாக் நீக்கி எடு. ஒயரைப் பிடிச்சு இழுக்கது ஒன் வழக்கம், அது வேண்டாம். வால்வுல கூலன்ட் ஹோஸ் சேந்திருந்தா மரியாதையா மெக்கானிக்கிட்ட விடு. வால்வைக் கழத்தினதும் இன்டேக் ஓட்டையில துணியைச் சொருகு, கரி உள்ள விழாது. வால்வைத் திரும்ப மாட்டும்போது அந்தத் துணியை எடுக்கணும்னும் சொல்லித் தொலைக்க வேண்டியிருக்கு. புகை போற பக்கம் மட்டும் கிளீனரை அடிச்சுச் செத்த நேரம் ஊறவிடு. பழைய பல் பிரஷ்ஷால தேய். ஒம் பிரஷ்ஷுலே, வீட்டுக்காரி பிரஷ்ஷைத் தொட்டே, ராத்திரி சோறு கிடையாது. வால்வு போய் உக்காருத வளையத்துல உலோகம் பளிச்சுன்னு தெரியணும். ஸ்க்ரூடிரைவரால சுரண்டினா கோடு விழுந்து மூடினாலும் ஒழுகும். மோட்டார் பக்கத்தை மேல பாத்துப் பிடி, நனைச்சா புது வால்வு வாங்கப் பணம் எண்ணு. விரலால அமுக்கியும் திறக்காதே, உள்ள பல்சக்கரம் ஒடைஞ்சிரும். பழைய கேஸ்கெட்டைத் திரும்பப் போட்டு மிச்சம் பிடிக்கலாம்னு பாப்பே. வேண்டாம்.

மாட்டினதும் ஸ்கேனர்ல அந்தப் பிழைக் கோடை அழிக்கணும். நிறைய வண்டியில வால்வோட நிலையைக் கம்ப்யூட்டருக்குப் புதுசாப் படிச்சுக் கொடுக்கவும் வேணும். அப்புறம் நல்லாச் சூடேற நாலுவழிச்சாலையில நீளமா ஓட்டிப் பாக்கணும். அதுக்குத் தோதா ஒங்க அத்தைக்குத் திருச்செந்தூர்ல ஒரு நேத்திக்கடன் பாக்கி கிடக்கு. வெள்ளிக்கிழமை விடியக்காலம் வாசல்ல வண்டியை நிறுத்திரு. கயத்தாறு டோல்கேட்டும் வழிச் சாப்பாடும் ஒன் கணக்கு. இஞ்சின் ஒன்னோடதுல்லா!