நிற்பதற்கென்றே பிறந்த கார்கள்

ஒரு காலத்தில் உலகத்திலேயே வேகமாக ஓடிய காரின் மாடலை விலை கொடுத்து வாங்கி, அது இம்மிகூட நகரக் கூடாதென்று கண்ணாடிக்குள் வைத்துப் பூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் தீவிரவாதிகள் காரை அட்டைப்பெட்டியிலிருந்து வெளியே எடுப்பதே இல்லை. இவர்களைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். அந்த வேலையை அவரவர் வீட்டிலேயே குறைவில்லாமல் செய்துவருகிறார்கள். நான் இவர்கள் தரப்பில் வாதாட வந்திருக்கிறேன். மற்ற எந்த வண்டியின் மாடலும் அசலுக்கு ஒரு படி கீழேதான். பஸ் மாடலில் பயணி ஏற முடியாது, லாரி மாடலில் மூட்டை ஏற்ற முடியாது. ஆனால் உலக வேக சாதனைக்கென்று கட்டப்பட்ட கார் இருக்கிறதே, அது பிறக்கும்போதே ஷோகேஸ் சாமான். அதன் மாடலை வாங்குகிறவருக்கு அசலில் இருந்த எந்தப் பயனும் குறைவதில்லை. அசலிலேயே எந்தப் பயனும் இருந்ததில்லை என்பதுதான் காரணம்.

வெறும் வாய்ப்பேச்சு வேண்டாம், கணக்கைப் பார்ப்போம். 1929 மார்ச் 11 அன்று அமெரிக்காவின் டேட்டோனா கடற்கரை மணலில் ஹென்றி சீக்ரேவ் என்ற ஆங்கிலேயர் ‘கோல்டன் ஆரோ’ என்ற காரை மணிக்கு 372 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி உலக சாதனை செய்தார். விமானத்துக்கென்று செய்த நேப்பியர் எஞ்சின், 900 குதிரைத்திறனுக்கு மேல். அந்த எஞ்சினைச் சுமந்துகொண்டு அந்தக் கார் தன் ஆயுள் முழுவதும் ஓடிய தூரம் நூறு கிலோமீட்டரைத் தொடவில்லை. சாதனை முடிந்ததும் நின்றது. இங்கிலாந்தில் பியூலி என்ற ஊரின் தேசிய மோட்டார் அருங்காட்சியகத்தில் இன்றும் நின்றுகொண்டிருக்கிறது. பழைய கார் வாங்கப் போனால் முதலில் மீட்டரை எட்டிப் பார்க்கும் பழக்கமுள்ளவர்கள் இதைக் கண்டால் கண்ணீர் விடுவார்கள். சிங்கிள் டிரைவர், நூறு கிலோமீட்டருக்குள் ஓடியது, டயர் புதுசு.

மற்ற கார்களின் கதையும் இதேதான். சாதனை செல்ல வேண்டுமானால் அளந்து வைத்த ஒரு மைலை ஒருமுறை போய், ஒரு மணி நேரத்துக்குள் திரும்பி வந்து, இரண்டின் சராசரியைக் காட்ட வேண்டும் என்பது விதி. 1947இல் ஜான் காப் அமெரிக்காவின் பானவில் உப்புச் சமவெளியில் மணிக்கு 634 கிலோமீட்டர் என்ற சாதனையைச் செய்தபோது, அந்த ஒரு மைலைக் கடக்க அவருக்கு ஒன்பது விநாடி சொச்சம் ஆனது. போகவர மொத்தம் பதினெட்டு விநாடி. 1997 அக்டோபர் 15 அன்று நெவாடாவின் பிளாக் ராக் பாலைவனத்தில் ஆண்டி கிரீன் ‘திரஸ்ட் எஸ்.எஸ்.சி.’ காரில் ஒலியின் வேகத்தையே தாண்டினார். மணிக்கு 1,228 கிலோமீட்டர். போன மைலுக்கும் வந்த மைலுக்கும் சேர்த்துப் பத்து விநாடிகூட ஆகவில்லை. அந்தப் பத்து விநாடிக்காகத்தான் ஜெட் விமானத்தின் ரோல்ஸ் ராய்ஸ் எஞ்சின்கள் இரண்டைப் பூட்டி, ஆண்டுக்கணக்கில் உழைத்து அதைக் கட்டினார்கள். இன்று அது கோவென்ட்ரியின் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. ஓடிய பத்து விநாடியைக் காரின் இயல்பு என்றும், நிற்கிற இத்தனை ஆண்டுகளை இடைவேளை என்றும் சொல்வது எந்த ஊர் நியாயம்?

ஜார்ஜ் ஐஸ்டனின் ‘தண்டர்போல்ட்’ என் வாதத்துக்குக் கிடைத்த தங்கச் சாட்சி. ஏழு டன் எடை, இரண்டு ரோல்ஸ் ராய்ஸ் விமான எஞ்சின்கள், எட்டுச் சக்கரங்கள். 1938இல் பானவில் சமவெளியில் இதை ஓட்டிப் பார்த்தபோது நேரம் பதியவில்லை. கார் குறுக்கே போவதை ஒளிக்கற்றை கொண்டு கண்டறியும் கருவிக்கு, வெள்ளை வெளேரென்ற உப்பின்மேல் பளபளவென்று மெருகேற்றிய அலுமினியக் கார் போவது தெரியவே இல்லை. ஏழு டன் எடை, காதைக் கிழிக்கும் சத்தம், ஆனால் கருவியைக் கேட்டால் இந்தப் பக்கம் யாருமே வரவில்லை என்கிறது. கடைசியில் காரின் பக்கவாட்டில் கறுப்புச் சாயம் பூசினார்கள். அதன்பின் கருவி ஒப்புக்கொண்டது; அந்த ஆண்டு செப்டம்பரில் சாதனை மணிக்கு 575 கிலோமீட்டரைத் தொட்டது. பிறகு தண்டர்போல்ட்டைக் கண்காட்சிக்காக நியூசிலாந்தின் வெலிங்டனுக்குக் கொண்டுபோனார்கள். கண்காட்சி முடிந்தது, போர் நடந்தது, கார் அங்கேயே கிடந்தது. 1946இல் அந்தக் கண்காட்சிக் கட்டடம் கம்பளி மூட்டைகளோடு தீப்பிடித்து எரிந்தபோது காரும் எரிந்துபோனது. ஆனால் 1938இலேயே லிவர்பூலின் மெக்கானோ நிறுவனம் ‘டிங்கி’ பொம்மை வரிசையில் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு தண்டர்போல்ட்டை விற்க ஆரம்பித்திருந்தது. அவற்றில் சில இன்றும் இருக்கின்றன. ஏழு டன் அசல் போய்விட்டது, சில அவுன்ஸ் பொம்மை மிஞ்சியிருக்கிறது. இனிமேல் இதில் எதை அசல் என்பது, எதை நகல் என்பது?

அசலைவிடப் பொம்மை நன்றாக ஓடிய வழக்கும் உண்டு. 1930இல் கே டான் என்பவர் ‘சில்வர் புல்லட்’ என்ற காரை டேட்டோனாவுக்குக் கொண்டுவந்தார். 24 லிட்டர் எஞ்சின் ஒன்றல்ல, இரண்டு. முறியடிக்க வேண்டியது சீக்ரேவின் 372. வண்டி மணிக்கு 300 கிலோமீட்டர் அளவிலேயே மூச்சிரைத்து நின்றுவிட்டது. ஆனால் நூரம்பெர்க்கின் குந்தர்மான் நிறுவனம் இதைத் தகரத்தில் சாவி கொடுக்கும் பொம்மையாகச் செய்து விற்றது. சாவி கொடுத்தபோதெல்லாம் அது ஓடியது. வேல்ஸில் செய்யப்பட்ட ‘கோர்கி’ பொம்மைகளோ இன்னும் ஒரு படி மேலே போயின. டொனால்ட் கேம்பலின் ‘புளூபேர்ட்’ காரின் மாடலை கோர்கி 1960இலேயே விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. அசல் கார் அதே ஆண்டு பானவிலில் உருண்டு நொறுங்கியது. அதை மறுபடி கட்டி, வாலில் துடுப்பு வைத்து, ஆஸ்திரேலியாவின் ஏர் ஏரிக்குக் கொண்டுபோய், மழை ஓயக் காத்திருந்து, மணிக்கு 648 கிலோமீட்டர் சாதனையைச் செய்து முடித்தபோது 1964 ஜூலை ஆகியிருந்தது. நாலு வருஷமாகச் சாதனைக் கார் என்ற பெயரில் கடை அலமாரியில் உட்கார்ந்திருந்த பொம்மையை, அசல் கார் அரும்பாடுபட்டு எட்டிப்பிடித்தது.

இந்த வரிசையில் எனக்குப் பிடித்தது என்னவோ மெதுவாகப் போன கார்தான். 1899 ஏப்ரலில் பாரிஸ் அருகே கமீல் ஜெனாட்ஸி என்ற பெல்ஜியக்காரர் மின்சாரத்தில் ஓடும் கார் ஒன்றில் மணிக்கு 105.88 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டார். நூறைத் தாண்டிய முதல் கார் அது. காற்றைக் கிழித்துப் போவதற்காக டார்பிடோ வடிவத்தில் மிகக் கவனமாக உடலை வடித்தார்கள். பிறகு அந்த டார்பிடோவின்மேல் ஜெனாட்ஸி இடுப்புக்கு மேலே முழுதாக வெளியே தெரியும்படி நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார். காற்றை ஏமாற்றச் செய்த அத்தனை ஏற்பாட்டையும் அவருடைய மார்பும் தாடியும் கெடுத்தன. டிரைவர் இல்லாத மாடலைப் பார்த்தால்தான் பொறியாளரின் கனவு புரியும். இந்த ஒரு விஷயத்தில் மாடல் அசலைத் திருத்தியே இருக்கிறது.

இனி எதிர்க்கட்சி பேசட்டும். ஓடாத காரை வைத்துக்கொண்டு பெரிய மனிதர்கள் என்ன செய்வது என்பது முதல் கேள்வி. கொலுவில் செட்டியார் பொம்மை கடை பரப்பி உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் போய்க் கால் கிலோ துவரம்பருப்பு நிறுத்துக் கொடுங்கள் என்று யாரும் கேட்பதில்லை. அவர் இருக்கிறார், அது போதும். அதே மரியாதையைக் காருக்கும் கொடுத்தால் போயிற்று. சிலர் கணக்குப் போட்டு மடக்கப் பார்ப்பார்கள்: மாடலின் அளவு 1:43 என்றால் வேகத்தையும் 43ஆல் வகுக்க வேண்டுமே, அப்படி வகுத்தால் ஒலியைத் தாண்டிய திரஸ்ட் எஸ்.எஸ்.சி. மணிக்கு 28 கிலோமீட்டர்தானே வருகிறது, அதைச் சைக்கிளிலேயே முந்தலாமே என்பார்கள். வகுக்கட்டும். அந்த 43 என்ற எண்ணே ரயிலிலிருந்து வந்தது. பொம்மை ரயில்காரர்கள் ஓர் அடிக்கு ஏழு மில்லிமீட்டர் என்று வைத்திருந்த கணக்கு அது. மெக்கானோவும் டிங்கி கார்களை முதலில் தன் ஹார்ன்பி ரயில்களுக்குப் பக்கத்தில் வைக்கும் துணைச் சாமானாகத்தான் செய்தது. உலகின் அதிவேகக் கார்கள் எத்தனை அங்குலம் இருக்க வேண்டும் என்பதை ரயில் தண்டவாளம் தீர்மானித்திருக்கிறது என்பது எனக்கு இந்த வகுத்தல் கணக்கைவிட வேடிக்கையாகப் படுகிறது.

இரண்டாவது ஆட்சேபணையைச் சிரித்துத் தள்ள முடியாது. அசலில் உயிர்ப்பயம் இருந்தது, மாடலில் அது எங்கே என்பது கேள்வி. பாரி தாமஸ் 1927 மார்ச்சில் வேல்ஸின் பெண்டைன் கடற்கரையில் ‘பேப்ஸ்’ காரை ஓட்டும்போது இறந்தார். காரை அங்கேயே மணலில் புதைத்துவிட்டார்கள். 1969இல் ஒருவர் அதைத் தோண்டி எடுத்துச் சீர்செய்யும்வரை, அது நாற்பது ஆண்டுக்கு மேல் மண்ணுக்குள் கிடந்தது. சீக்ரேவ், காப், கேம்பல் மூவருமே தரையில் தப்பியவர்கள். 1930, 1952, 1967 என்று மூவரும் தண்ணீரில், வேகப் படகுகளில் போனார்கள். இவர்களுடைய துணிச்சலை எந்த அச்சிலும் வார்க்க முடியாது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தத் துணிச்சல் காருக்குள் இருந்ததா, உள்ளே உட்கார்ந்தவரிடம் இருந்ததா? பியூலியில் நிற்கிற அசல் கோல்டன் ஆரோவிலும் இப்போது டிரைவர் சீட் காலி. அதைப் பார்த்தும் சீக்ரேவைக் கற்பனைதான் செய்துகொள்ள வேண்டும். அதற்கு மாடலே போதும், விமான டிக்கெட் மிச்சம்.

பந்தயக் கார்களின் மாடல்களுக்கும் இந்த வாதம் செல்லுமா என்றால், செல்லாது. அங்கே நான் ஒதுங்கிக்கொள்கிறேன். 1955இல் இத்தாலியின் மில்லே மிலியா பந்தயத்தில் ஸ்டர்லிங் மாஸ் 722 என்ற எண் எழுதிய மெர்சிடிஸை ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டர், பத்து மணி ஏழு நிமிடம் 48 விநாடி ஓட்டி வென்றார். பக்கத்தில் டெனிஸ் ஜென்கின்சன் வளைவுகளைக் குறித்து வைத்த நீளமான காகிதச் சுருளை உருட்டி உருட்டிப் பார்த்துக் கைச்சாடையால் வழி சொன்னார். அந்தக் கார் நாள் முழுக்க நிஜச் சாலையில், நிஜ ஊர்கள் வழியே, மற்ற கார்களோடு ஓடியது. அதன் மாடல் ஒரு புகைப்படம் மாதிரிதான். அழகானது, ஆனால் புகைப்படம். வெறும் 36 மட்டுமே கட்டப்பட்ட ஃபெராரி 250 ஜி.டி.ஓ. கார்களில் ஒன்று 2018இல் 4.84 கோடி டாலருக்கு ஏலம் போனது. அத்தனை விலை கொடுத்தும் அவற்றை ஓட்டுகிற உரிமையாளர்கள் இருக்கிறார்கள் என்பதால் அவர்களுக்கு என் வணக்கம். ஆனாலும் ஏலச்சந்தை யார் பக்கம் என்று பாருங்கள். உலகத்திலேயே அதிக விலைக்கு ஏலம் போன கார், 1955இல் மெர்சிடிஸ் கட்டிய உலன்ஹாட் கூப்பே, 2022இல் 13.5 கோடி யூரோ. பந்தயத்துக்கென்று கட்டிய அந்தக் கார் ஒரு பந்தயத்திலும் கலந்துகொண்டதில்லை.

கடைசி ஆட்சேபணை விலையைப் பற்றியது, அதில்தான் நம் சேகரிப்பாளர்கள் கொஞ்சம் அசடு வழிய வேண்டியிருக்கிறது. பெட்டியோடு இருக்கும் பழைய டிங்கிக்கு ஒரு விலை, பெட்டி இல்லாததற்கு வேறு விலை. குழந்தை விளையாடிய தடம் இருந்தால் மதிப்பு சரிந்துவிடும்; பொம்மை தன் கடமையைச் செய்ததற்கு அபராதம். இதுகூடப் பரவாயில்லை. போருக்கு முந்தைய டிங்கிகளை வார்த்த துத்தநாகக் கலவையில் துளி ஈயம் கலந்துவிட்டால் போதும், பல ஆண்டுகள் கழித்து அந்த உலோகம் உள்ளுக்குள் அரித்து, விரிந்து, வெடிப்பு விட்டு, தானாகவே உதிர ஆரம்பிக்கும். மெட்டல் ஃபட்டீக் என்று சேகரிப்பாளர்கள் தாழ்ந்த குரலில் சொல்வது இதைத்தான். அசல் தண்டர்போல்ட்டை அழிக்க ஒரு கட்டடமே எரிய வேண்டியிருந்தது. பொம்மைக்குத் தீயும் தேவையில்லை, விபத்தும் தேவையில்லை. சும்மா நின்றே அது நொறுங்கும். நிற்பதுதான் இந்தக் கார்களின் தர்மம் என்று இவ்வளவு நேரம் வாதாடியவனுக்கு இது சங்கடம்தான், ஆனால் உண்மை. ஆகவே போருக்கு முந்தைய தண்டர்போல்ட் ஒன்று உங்கள் கைக்கு வந்தால் பெயிண்ட் பளபளப்பைப் பார்த்து மயங்காதீர்கள். மெல்லக் கவிழ்த்து, வெளிச்சத்தில் அடிப்பாகத்தைப் பாருங்கள். மயிரிழை அளவு விரிசல் தெரிந்தாலும் பாதி விலைக்குத் தந்தாலும் வேண்டாம். பெட்டி நன்றாக இருந்தால் பெட்டியை மட்டும் பேரம் பேசுங்கள்.