மணிக்கு யாருய்யா ஓனர்?

எங்கள் தெருவில் நாய் வளர்க்கிறவர் என்று யாரும் இல்லை. நாய் மட்டும் வளர்ந்துகொண்டே இருக்கிறது.

பிரம்மதேசம் என்ற பெயரில் தமிழ்நாட்டில் பல ஊர்கள் உண்டு. அம்பாசமுத்திரம் பக்கம் ஒன்று, செய்யாறு பக்கம் ஒன்று. எங்களுடையது விழுப்புரம் மாவட்டத்துப் பிரம்மதேசம். கூரியர்காரரிடம் “திண்டிவனம் பக்கம்” என்று சேர்த்துச் சொல்லாவிட்டால் பார்சல் தாமிரபரணிக் கரைக்குப் போய்விடும். ஊர் விஷயத்தில் பெயர் ஒன்று, இடம் பல. எங்கள் தெரு நாய் விஷயத்தில் இடம் ஒன்று, பெயர் பல. எங்கள் வீட்டில் அது மணி. எதிர் வீட்டில் டைகர். டீக்கடையில் கருப்பா. பூக்கட்டும் அக்காவுக்கு ராஜா. கடைசி வீட்டுப் பாப்பா அதற்கு சின்சான் என்று பெயர் வைத்திருக்கிறாள். எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் வாலை ஆட்டிக்கொண்டு வந்து நிற்கும். கூப்பிடுகிறவர் கையில் ஏதாவது இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை.

களத்தில் காயப்போட்டிருந்த மல்லாட்டைப் பக்கம் ராத்திரியில் யாரோ நடமாடியதைக் குரைத்துக் காட்டிக் கொடுத்தபோது, தெருவே “நம்ம டைகர்” என்று மார்தட்டியது. மறுநாள் காலையில் எதிர் வீட்டு மாப்பிள்ளையின் புதுச் செருப்பில் ஒன்றைக் காணோம். “உங்க மணி பண்ற வேலையப் பாத்தீங்களா?” என்று என் வாசலில் வந்து நின்றார்கள். ஒரே ராத்திரியில் நாய் கைமாறிவிட்டது.

இந்தக் கைமாறல் முற்றுப்பெற்றது கால்நடை மருந்தகத்தில். வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட வேண்டும் என்று நான் பேச்சை எடுத்ததும் தெருவே தலையாட்டியது. “கண்டிப்பா போடணும்பா, நாங்களும் வர்றோம்” என்றார்கள். குறித்த காலையில் ஒருவருக்கு மாமனார் வீட்டு விசேஷம், ஒருவருக்கு இடுப்புப் பிடிப்பு, ஒருவர் கழனிக்குப் போய்விட்டார். டீக்கடைக்காரர் மட்டும் ஒரு பன்னைக் கொடுத்து வழியனுப்பி வைத்தார்.

எங்கள் பக்கத்தில் நாயை ஏற்றிக்கொண்டு போக டிவிஎஸ் எக்ஸ்எல்லை விட்டால் வாகனம் கிடையாது. ஷேர் ஆட்டோவில் மூட்டை ஏறலாம், ஆடு ஏறலாம், கடப்பாரைகூட ஏறலாம். நாய் ஏறக் கூடாது. முன்பக்கம் கால் வைக்கும் இடத்தில் கோணியை மடித்துப் போட்டு மணியை உட்கார வைத்தேன். ஊரில் பார்த்தவர்கள் எல்லாம் “எங்க, நாயக் கூட்டிக்கினு?” என்று கேட்டார்கள். ஊசி போட என்றதும் “நாய்க்கா?” என்று சிரித்தார்கள். அதே கேள்வியை மாட்டுக்காரரிடம் யாரும் கேட்பதில்லை. மாடு பால் கறக்கிறதல்லவா!

மருந்தகத்தில் சினை பார்க்க வந்த பசுக்களுக்கும் கழிச்சல் கண்ட வெள்ளாடுகளுக்கும் நடுவில் எங்களை வரிசையில் நிறுத்தினார்கள். டாக்டரம்மா நோட்டைத் திறந்தார்.

“பேரு?”

“மணிங்க.”

“உங்க பேரு இல்லீங்க. நாய் பேரு.”

“அதாங்க மணி.”

“ஓனர்?”

திரும்பிப் பார்த்தேன். பின்னால் ஒரு கன்றுக்குட்டிதான் நின்றுகொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் என் பெயரைச் சொன்னேன். ஒரு சென்ட் நிலத்துக்குப் பட்டா மாற்ற எத்தனை நடை நடக்க வேண்டும்! நாய்க்கு ஒரே நிமிஷத்தில் மாறிவிட்டது.

அன்றைக்கு அந்த அம்மா சொன்னதை அப்படியே சொல்கிறேன், உங்களுக்கும் ஆகும். குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் முதல் வெறிநாய்க்கடித் தடுப்பூசி. பிறகு ஒரு பூஸ்டர். அப்புறம் வருஷத்துக்கு ஒன்று, ஆயுள் முழுக்க. அதற்கு முன்பே, ஆறு முதல் எட்டு வாரத்துக்குள், பார்வோ, டிஸ்டெம்பர் ஆகியவற்றுக்கான கூட்டுத் தடுப்பூசியைத் தொடங்கிவிட வேண்டும். பார்வோ வந்தால் ரத்தக் கழிச்சலில் குட்டி இரண்டு மூன்று நாளில் போய்விடும். குடற்புழு மருந்து குட்டிக்கு மூன்று மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வளர்ந்த நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. ஏலச்சீட்டு தேதியை மறக்காத எங்கள் தெரு இந்தத் தேதிகளை மறந்துவிடும் என்பதால், தினசரி காலண்டரில் ராகு காலத்துக்குப் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறேன்.

அடுத்தது சாப்பாடு. சிவாஜி கணேசன் பிறந்த விழுப்புரத்துக்காரர்கள் நாங்கள்; நடிப்பு எங்கள் மண்ணுக்குப் புதிதல்ல. ஆனாலும் மணியின் நடிப்பு தனி ரகம். எங்கள் வீட்டில் வயிறு முட்டத் தின்றுவிட்டு எதிர் வீட்டு வாசலில் போய் நிற்கும். காது தொங்கும், கண் கலங்கும், ஒரு கால் லேசாக நொண்டவும் செய்யும். “பாவம், இன்னைக்கு அவங்க வீட்டுல ஒண்ணும் போடல போலிருக்கு” என்று எதிர் வீட்டு அத்தை இட்லியைப் பிட்டுப் போடுவார். அங்கிருந்து அடுத்த வாசல், அதே காட்சி, அதே வசூல். தெருவில் என் பெயர்தான் கெட்டது.

பெயர் கெட்டால் பரவாயில்லை, நாய்க்கு உடம்பு கெடுவதுதான் பிரச்சினை. ஒவ்வொரு வீடும் பாசத்தோடு போடுவதில் பாதி நாய்க்கு ஆகாதது. சாம்பாரிலும் குருமாவிலும் கிடக்கும் வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். சர்க்கரைப் பொங்கலில் வருகிற உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். பாப்பா ஊட்டுகிற சாக்லேட் இதயத்தைப் படபடக்க வைக்கும். அளவு மீறினால் வலிப்பு வரும். ஞாயிற்றுக்கிழமை கோழிக் குழம்பில் வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். சோறும், எலும்பு எடுத்த கறியும், அவித்த முட்டையும், கொஞ்சம் வேகவைத்த பூசணியும் கேரட்டும் போதும். வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்கு இரண்டு வேளை. தண்ணீர் மட்டும் எந்நேரமும் இருக்க வேண்டும். நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது. உள்ளங்காலில்தான் கொஞ்சம் வியர்க்கும். நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். கத்திரி வெயிலில் நிழலும் ஒரு சட்டித் தண்ணீரும் இல்லாத தெருவில், அன்போடு வீசப்படும் பிரியாணியால் ஒரு பயனும் இல்லை.

ஒருநாள் மணி எலும்பை மறுத்தது. அதாவது, கண்ணெதிரே போட்ட ஆட்டெலும்பை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. தெருவுக்கே தூக்கிவாரிப் போட்டது. உடனே வைத்தியர்கள் கூடினார்கள். “கண்ணு பட்டுடுச்சு, எலுமிச்சம்பழம் சுத்திப் போடுங்க” என்றார் பூக்கட்டும் அக்கா. “சூடு, மோர் குடு” என்றார் ஒருவர். “ஒடம்புல பாரு, உண்ணி. மண்ணெண்ணெய் தடவு, எல்லாம் உதுந்துடும்” என்றார் இன்னொருவர். பினாயில் ஊற்றிக் குளிப்பாட்டச் சொன்னவரும் உண்டு.

உண்ணி என்றவர் நோயைச் சரியாகத்தான் பிடித்தார். மருந்தில்தான் கோட்டை விட்டார். மண்ணெண்ணெயும் பினாயிலும் உண்ணியைக் கொல்லும் முன்பே நாயின் தோலை வேக வைத்துவிடும். நக்கினால் வயிற்றுக்குள்ளும் போகும். உண்ணி ரத்தத்தைக் குடிப்பதோடு நிற்காது, எர்லிகியா, பபேசியா போன்ற கிருமிகளையும் உள்ளே விட்டுவிட்டுப் போகும். காய்ச்சல், சோர்வு, சாப்பாட்டு வெறுப்பு, சில சமயம் மூக்கில் ரத்தம், இவைதான் அடையாளம். ரத்தம் எடுத்துப் பார்த்து மருந்து கொடுத்தால் பெரும்பாலும் தேறிவிடும். இன்னொன்று, நாயை மட்டும் கவனித்தால் போதாது. உண்ணி சுவர் வெடிப்பிலும் கோணி மடிப்பிலும் முட்டையிட்டுக் குடும்பம் நடத்தும். படுக்கிற இடத்தையும் சேர்த்துச் சுத்தம் செய்ய வேண்டும். மணி மருந்து சாப்பிட்டுத் தேறியது. எலுமிச்சம்பழம் சுற்றியதால்தான் என்று அக்கா இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இதற்கு நடுவில் சென்னையிலிருந்து என் தங்கை மகன் ஒரு ஹஸ்கியோடு லீவுக்கு வந்தான். சைபீரியப் பனியில் வண்டி இழுக்கப் பிறந்த ஜாதி. திண்டிவனத்து மே மாத வெயிலில் அதற்குக் கிடைத்த வேலை, டேபிள் ஃபேனுக்கு முன்னால் படுத்துக்கொண்டு எங்கள் கரண்ட் பில்லை இழுப்பது. “நாட்டு நாயா மாமா இது?” என்று மணியைப் பார்த்துக் கேட்டான். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி என்று நாட்டு இனங்களுக்குப் பேர்போன மாநிலம் நம்முடையது. ராஜபாளையம் நாய்க்கு 2005-இல் அஞ்சல் தலையே வெளியிட்டார்கள். மணிக்கு அப்படி வம்சப் பெருமை எதுவும் இல்லை. ஆனால் இந்த வெயிலுக்கென்றே அளவெடுத்துத் தைத்த தோல் அதற்கு. வாங்குவதாக இருந்தால் ஊர் வெயிலைப் பார்த்து வாங்குங்கள், சினிமாவைப் பார்த்து வாங்காதீர்கள். தாயிடமிருந்து எட்டு வாரத்துக்கு முன்பாகக் குட்டியைப் பிரிக்கவும் வேண்டாம்.

இனிப் பெரிய விஷயம். விடியற்காலை இருட்டில் பால்காரத் தம்பி மணியின் வாலை மிதித்துவிட்டார். மணி திரும்பிக் கெண்டைக்காலில் பல்லைப் பதித்துவிட்டது. தெரு திரண்டது. ஒருவர் மிளகாய்த்தூளோடு வந்தார், ஒருவர் சுண்ணாம்போடு வந்தார், டீக்கடைக்காரர் காப்பித்தூள் கொண்டுவந்தார். கூடவே மஞ்சளும் வந்தது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் தம்பியின் காலில் குழம்பு வைத்திருப்பார்கள்.

இவை எதுவுமே வேண்டாம். குழாயடியில் காலை நீட்டச் சொல்லி, சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவ வேண்டும். சோப்பும் தண்ணீரும் காயத்தில் உள்ள வைரஸை வெகுவாகக் குறைத்துவிடும். பிறகு நேராக அரசு ஆரம்ப சுகாதார நிலையம். ஊசி இலவசம். “தொப்புளச் சுத்திப் பதினாலு ஊசி போடுவாங்களே, தம்பி தாங்குவானா?” என்று எங்கள் ஆயா அழுதே விட்டார். அது ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த பழைய மருந்து. 1907-இல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும் அதைத்தான் தயாரித்துக்கொண்டிருந்தார்கள். இந்தியாவில் 2004-ஓடு அதற்கு விடை கொடுத்தாகிவிட்டது. இப்போது கையில்தான் ஊசி. முதல் நாள், 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 28-ஆம் நாள். பல் ஆழமாக இறங்கி ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் ஊசியும் உண்டு. நோயின் அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்ற மருந்து கிடையாது. அதனால் தவணையில் ஒன்றைக்கூட விடக் கூடாது.

“ஊசி போட்ட நாய்தானே?” என்று கேட்டார்கள். மணியின் தடுப்பூசி அட்டையை எடுத்து நீட்டினேன். பால்காரத் தம்பிக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. என்றாலும் அவரும் போய் ஊசி போட்டுக்கொண்டார்; அதுதான் முறை. கடித்த நாயைப் பத்து நாள் கவனிக்க வேண்டும் என்பது உண்மை. பத்து நாள் பார்த்துவிட்டு அப்புறம் ஊசி போட்டுக்கொள்ளலாம் என்று உட்கார்ந்திருப்பது தற்கொலை. தெருவே முறைவைத்து மணியைக் கவனித்தது. வெறும் கையோடு எப்படிக் கவனிப்பது என்று ஆளுக்கொரு பிஸ்கட் பாக்கெட்டோடு வந்தார்கள். நன்றாகத்தான் இருக்கிறது என்று பத்தாம் நாள் டாக்டரம்மா சொன்னபோது மணி சுற்றளவில் கூடியிருந்தது.

கருத்தடை அறுவைசிகிச்சை என்றதும் தெருவில் ஆண்கள் அத்தனை பேரும் ஓரணியில் சேர்ந்தார்கள். “வாயில்லா ஜீவன்பா, அதுக்கும் ஒரு வாழ்க்கை வேணாமா?” என்று தொண்டை அடைக்கக் கேட்டார்கள். இரண்டு பெண்கள் மட்டும், “சாக்கடை ஓரத்துல கண்ணு தொறக்காத குட்டிங்கள எடுத்து வச்சது நாங்கதானே” என்றார்கள். கூட்டம் கலைந்தது. நாய்க்குச் சினைக்காலம் சுமார் 63 நாள்தான். பெரும்பாலும் வருஷத்துக்கு இருமுறை பருவத்துக்கு வரும். தெருநாய்களைப் பிடித்து, கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்று 2023-ஆம் ஆண்டு விலங்கு இனக்கட்டுப்பாட்டு விதிகள் சொல்கின்றன. காது நுனியில் சின்ன வெட்டு இருந்தால் வேலை முடிந்தது என்று பொருள். மணிக்கும் முடிந்துவிட்டது. அதற்காக அது யார் மேலும் வருத்தம் வைத்துக்கொள்ளவில்லை. ஆண்கள்தான் கொஞ்ச நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். சோறு போடுகிறவர்கள் எத்தனை பேர் வேண்டுமானாலும் இருக்கலாம், எத்தனை பெயர் வேண்டுமானாலும் வைக்கலாம். ஊசிக்குக் கூட்டிக்கொண்டு போகிறவர் ஒருவராவது இருக்க வேண்டும், அவர்தான் ஓனர். செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினம், லூயி பாஸ்டர் இறந்த நாள். அதையொட்டிக் கால்நடை மருத்துவமனைகளில் பல இடங்களில் இலவசத் தடுப்பூசி முகாம் நடத்துகிறார்கள். உங்கள் தெருவிலும் ஒரு மணி இருக்கும். அதற்குக் கடைசியாக ஊசி போட்டது எப்போது என்று நாலு வீட்டில் கேட்டுப் பாருங்கள். யாருக்கும் தெரியவில்லை என்றால், நாளைக் காலை டிவிஎஸ் எக்ஸ்எல்லை எடுக்க வேண்டியவர் நீங்கள்தான்.