டவருடன் பிறந்தவர்கள்

கேள்வி: டோக்கியோ டவர் எழும்பிய 1958-ல் ஜப்பானில் உருப்படியாக வேறென்ன நடந்தது?

பதில்: டவரைத் தூக்கிச் சாப்பிடும் காரியங்கள்! ஆகஸ்டில் மோமோஃபுகு ஆண்டோ, எண்ணெயில் பொரித்த நூடுல்ஸை 35 யென்னுக்கு விற்க ஆரம்பித்தார். வெந்நீர் ஊற்றினால் சாப்பாடு ரெடி. அவருக்கு வயது 48; மற்றவர்கள் பென்ஷன் கணக்குப் பார்க்கிற வயது. அதே மாதம் வந்த ஹோண்டா சூப்பர் கப் வண்டி, 2017-க்குள் தயாரிப்பு எண்ணிக்கையில் 10 கோடியைத் தாண்டியது. ஒசாகா பக்கம் யோஷியாகி ஷிராய்ஷி, பீர் ஆலையில் பெல்ட்டில் பாட்டில்கள் நகர்வதைக் கண்டு, சுஷித் தட்டுகளையும் ஊர்வலம் விட்டார். (பீரால் பிறருக்குத் தலை சுற்றும், இவருக்குத் தட்டு சுற்றியது!)

333 மீட்டர் டவர் டிசம்பரில்தான் திறந்தது. கொரியப் போரில் அடிபட்ட அமெரிக்க டாங்கிகளின் இரும்பும் அதில் உண்டு. இருந்தாலும் என் ஓட்டு நூடுல்ஸுக்கே.