செற்றிங் அண்ணை

பரந்தன் சந்தியில் ஏ9 வீதியிலிருந்து பிரிந்து முல்லைத்தீவு நோக்கிச் செல்லும் வீதியில், இரணைமடுக் குளத்து நீரை நம்பிய வயல்களுக்கு நடுவே அமைந்துள்ள முரசுமோட்டையில், நெல்லுக்கு நோய் பார்ப்பவர், மாட்டுக்குக் கைமருந்து சொல்பவர், உழவு இயந்திரத்தின் இரைச்சலைக் கேட்டே அதன் பழுதைச் சொல்பவர் ஆகியோருக்கு அடுத்த வரிசையில் வைத்து எண்ணத்தக்க ஒரு வகையினர் அண்மைக்காலத்தில் தோன்றியுள்ளனர். கணினி விளையாட்டுகளை ஆடுவதற்கென்று இரு கைகளாலும் பிடிக்கப்படும் கருவியை, அதாவது பெரியவர்கள் ‘றிமோட்’ என்றும் சிறுவர்கள் ‘கொன்றோலர்’ என்றும் வழங்கும் பொருளை, கணினிக்கு இணங்க வைப்பதே இவர்களது தொழில். தொழில் என்றாலும் கூலி கிடையாது, தேத்தண்ணி மட்டும் உண்டு, அதுவும் ஆறிய பின்னரே குடிக்கப்படும். வசதி கருதி இவ்வகையினரைச் ‘செற்றிங் அண்ணை’ என ஒருமையில் அழைக்கலாம்.

இவரை அடையாளம் காண்பது எளிது. எந்தக் கேள்விக்கும் முதல் விடையாக ‘ஒரு நிமிசம்’ என்பார். அந்த நிமிசம் ஒரு மணித்தியாலத்துக்குக் குறைந்ததாக அறியப்படவில்லை. காற்சட்டைப் பையில் சுருட்டிய வயர் ஒன்று இருக்கும். மோட்டார் சைக்கிளை இரவல் கொடுத்தாலும் அந்த வயரைக் கொடுக்கமாட்டார். யூ.எஸ்.பி வயரின் உள்ளே சாதாரணமாக நான்கு இழைகள் இருக்கும் என்பதும், அவற்றுள் இரண்டு மின்சாரத்தையும் இரண்டு செய்தியையும் கடத்துவன என்பதும், கைத்தொலைபேசிக்கு மின்னேற்றவென்று மலிவாக விற்கப்படும் சில வயர்களில் பின்னைய இரண்டும் அறவே இரா என்பதும் இதற்குக் காரணங்கள். அத்தகைய வயரால் இணைக்கப்பட்ட கருவியில் விளக்கு எரியும். கணினியோ தன்னிடம் எவரும் வரவில்லை என்று சாதிக்கும். விளக்கு எரிகிறதே என்று வீட்டுக்காரி வாதிடும்போது, “விளக்கு எரிஞ்சால் காணாது அக்கா, கதைக்கவும் வேணும்” என்று கூறித் தமது வயரை அவர் உருவியெடுக்கும் தோரணை, வைத்தியர் இதயத்துடிப்புமானியைக் கழுத்திலிருந்து எடுக்கும் தோரணைக்குச் சற்றும் குறைந்ததன்று.

இவ்வகையினரின் வம்சம் கணினியில் தொடங்கவில்லை. 1990களில், வன்னிக்குள் பற்றரியும் எரிபொருளும் வருவது தடைப்பட்டிருந்த காலத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைக் கையால் சுற்றி, சில்லில் உரசும் டைனமோவின் மின்சாரத்தில் வானொலி கேட்டவர்களும், சிறிதளவு பெற்றோலைக் காட்டி எஞ்சினை விழிக்கச் செய்து, அது விழித்த பின் மண்ணெண்ணெயிலேயே மோட்டார் சைக்கிளை ஓட்டியவர்களும் இவரது முன்னோர். வானொலியைப் பொறுத்தவரை ஒரு நுட்பத்தைக் கவனிக்கவேண்டும். செய்தியைக் கேட்டவர் ஒருவர், மிதியைச் சுற்றியவர் மற்றொருவர். சுற்றியவரின் கவனம் ஒலி தேயாமல் இருப்பதில் இருந்ததேயன்றிச் செய்தியில் இருந்ததாகத் தெரியவில்லை. செற்றிங் அண்ணை அந்தச் சுற்றியவரின் வழித்தோன்றல்.

கருவிகள் ஊருக்கு வரும் வழிகளுள் முதன்மையானது வெளிநாட்டுப் பார்சல். தம் பிள்ளைக்குப் புதியது வாங்கிய கனடா மாமா, பழையதைச் சொக்கலேற்றுக்கும் சவர்க்காரத்துக்கும் இடையில் செருகி அனுப்புவார். அதனைக் கணினியோடு கம்பியின்றி இணைக்கும் சிறு துண்டை அனுப்ப மறந்துவிடுவார். அத்துண்டு இல்லாதபோது கம்பியின்றி இணைக்க எஞ்சும் வழி புளூடூத். ஆனால் 2013இல் எக்ஸ்பொக்ஸ் வண் என்னும் விளையாட்டுப் பெட்டியுடன் வந்த கருவியில் அது இல்லை. 2016இல் வந்த மாற்றுவடிவத்திலேயே அது சேர்க்கப்பட்டது. நடுப்பொத்தானைச் சுற்றியுள்ள பிளாஸ்ரிக் முகப்போடு ஒரே துண்டாக இருந்தால் புளூடூத் உண்டு, தோட்பட்டைப் பொத்தான்களோடு சேர்ந்த வேறு துண்டாகப் பளபளத்தால் இல்லை என்பது இதனைக் காண்பதற்கான வழி. பார்சல் பிரிக்கப்படும்போது படலையடியில் நின்றே இதைச் சொல்லிவிடுவார் செற்றிங் அண்ணை. கட்டாக்காலி மாட்டின் குறியை வரம்பில் நின்றபடியே வாசித்து உடையவர் பெயரைச் சொல்லும் முதியவர்களிடம் மட்டுமே இத்தகைய பார்வை காணப்படும்.

இரண்டாவது வழி சந்தைக் கடையில் வாங்கும் மலிவுக் கருவி. இதில்தான் அவரது புலமை முழுமையாக வெளிப்படும். விண்டோஸ் கணினியில் இக்கருவிகள் பெரும்பாலும் பேசும் மொழி இரண்டு. 1990களிலிருந்து வழங்கும் ‘டைரக்ற் இன்புட்’ என்பது பழைய மொழி. அதில் ஒரு கருவி தனக்கு எத்தனை பொத்தான் என்று விரும்பியவாறு அறிவிக்கலாம், எது எதற்கு என்பதை ஆடுபவர்தான் தீர்மானிக்கவேண்டும். 2005இல் எக்ஸ்பொக்ஸ் 360 பெட்டியோடு மைக்ரோசொப்ட் நிறுவனம் கொண்டுவந்த ‘எக்ஸ் இன்புட்’ என்பது புதிய மொழி. அதில் பொத்தான்களின் எண்ணிக்கையும் இடமும் முன்கூட்டியே வரையறுக்கப்பட்டவை, ஒரே நேரத்தில் நான்கு கருவிகளுக்கு மேல் இடமில்லை. பிற்கால விளையாட்டுகள் பலவும் புதிய மொழியை மட்டுமே கேட்பன. மலிவுக் கருவிகள் பலவும் பழைய மொழியை மட்டுமே பேசுவன. எனவே கருவி வாய்விட்டுக் கத்தியும் விளையாட்டு திரும்பிப் பார்ப்பதில்லை.

இதற்குரிய பரிகாரம் பொய்ச்சாட்சி. ‘எக்ஸ்360சிஇ’ என்னும் மென்பொருளின் பழைய பதிப்பு, விளையாட்டு இருக்கும் கோப்புறைக்குள் ஒரு கோப்பை வைத்துவிடும். விளையாட்டு ஆரம்பித்தவுடன் ‘வந்திருப்பவர் யார்?’ என்று கேட்க, அக்கோப்பு முந்திக்கொண்டு ‘எக்ஸ்பொக்ஸ் 360’ என்று விடையளிக்கும். கிராம அலுவலரைக் காணாமலே வதிவிட அத்தாட்சி பெறுவதற்கு இது ஒப்பானது. வேறெந்த விடயத்திலும் கூசிப்போகும் செற்றிங் அண்ணை, இந்த ஒன்றில் மட்டும் கண்ணிமைக்காமல் கள்ளக் கையொப்பம் இடுவார்.

உண்மையான எக்ஸ்பொக்ஸ் 360 கருவியே வந்தாலும் தொல்லை தீர்ந்துவிடுவதில்லை. பழைய மொழியை மட்டும் அறிந்த கார்ப் பந்தய விளையாட்டில் அதனைப் பொருத்தினால், ஆட்காட்டி விரலால் அழுத்தும் இரு விசைகளும் தனித்தனி எனக் கொள்ளப்படாமல் ஒரே கோட்டின் இரு முனைகளாகவே கொள்ளப்படும். வேகத்தையும் தடையையும் ஒருசேர அழுத்தினால் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு எதுவும் அழுத்தப்படவில்லை என்ற முடிவே எஞ்சும். கணவன் ஒன்று சொல்ல மனைவி வேறொன்று சொல்ல ஈற்றில் எதுவும் நடக்காத வீடுகளை அறிந்தவர்களுக்கு இதனை மேலும் விளக்கவேண்டியதில்லை.

பொத்தான் குறிகளால் விளையும் குழப்பம் தனி வகை. திரையில் ‘ஏ’ என்ற எழுத்து தோன்றி அதனை அழுத்துமாறு பணிக்கும். கையிலிருப்பது சொனியின் கருவியானால் அவ்விடத்தில் எழுத்தே இராது, முக்கோணம், வட்டம், சதுரம், புள்ளடி ஆகிய நான்கு குறிகளே இருக்கும். “ஏ எங்க அண்ணை?” என்று சிறுவன் தடுமாறும்போது, “புள்ளடிதான் ஏ” என்பார் அவர். இதனை உடனே விளங்கிக்கொள்பவர் வீட்டிலுள்ள அம்மம்மாவே, ஏனெனில் இந்நாட்டு வாக்குச்சீட்டில் சம்மதத்தின் குறி புள்ளடி. யப்பானியருக்கோ வட்டம் சம்மதத்தையும் புள்ளடி மறுப்பையும் குறிப்பவை. அந்நாட்டில் சொனியின் பிளேஸ்ரேசன் பெட்டிகளிலும் அம்மரபே நெடுங்காலம் பேணப்பட்டு, 2020இல் ஐந்தாம் பெட்டி வந்தபோதுதான் புள்ளடி சம்மதமாக மாற்றப்பட்டது. யப்பானியர் கால் நூற்றாண்டு கடந்து வந்தடைந்த முடிவுக்கு முரசுமோட்டை அம்மம்மா ஒரு கணத்தில் வந்துவிட்டார் என்பதைப் பதிவுசெய்தே ஆகவேண்டும்.

ஆயினும் இவையெல்லாம் அவருக்குச் சில்லறை வேலைகள். அவரது உள்ளத்தை முழுதாய்க் கவர்வது ‘இழுவை’ எனப்படும் நோய். கட்டைவிரலால் அசைக்கும் குமிழின் அடியில் கரி பூசிய தடமொன்றும் அதன்மீது உரசியோடும் உலோக நாக்கொன்றும் உண்டு. நாக்கு நிற்கும் இடத்துக்கேற்ப மின்னழுத்தம் மாற, அதனைக் கொண்டே குமிழ் சாய்ந்த அளவு கணிக்கப்படுகிறது. ஓயாத உரசலால் தடம் தேய்ந்தபின், குமிழ் நடுவில் நின்றாலும் சற்றுச் சாய்ந்திருப்பதாகவே கணக்கு வரும். “அண்ணை, நான் தொடவே இல்லை, அவன் தன்ர பாட்டில இடப்பக்கம் போறான்” என்று சிறுவன் முறையிடுவது இந்நிலையில்தான். திண்ணையிலிருந்து இதைக் கேட்கும் அப்பு, “பிடியை விட ஒரு பக்கம் இழுக்குதெண்டால் கிளச் கேபிளைப் பார் தம்பி” என்பார். இருசில்லு உழவு இயந்திரத்துடன் வாழ்நாளைக் கழித்தவரின் வாயிலிருந்து வரும் இவ்வாக்கைச் செற்றிங் அண்ணை சிரித்து ஒதுக்கமாட்டார், தலையசைத்து ஏற்றுக்கொள்வார்.

இந்நோய்க்கு மருந்து ‘டெட் சோன்’ எனப்படும் செயலற்ற வட்டம். குமிழ் அவ்வட்டத்துக்குள் அசையும்வரை அதனை அசைவாகவே கருதவேண்டாம் என்று கணினிக்கு இடும் கட்டளை அது. மதகின் சக்கரத்தை முதல் ஓரிரு சுற்றுத் திருப்பும்போது திருகின் தளர்வே எடுபட்டுத் தண்ணீர் வராதிருப்பதைக் கண்ட கமக்காரர் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். எக்ஸ் இன்புட் முறையில் குமிழ் ஒரு பக்கம் முழுதாய்ச் சாய்ந்தால் எண் 32,767. அதில் இடக்குமிழுக்கு 7,849 வரையும் வலக்குமிழுக்கு 8,689 வரையும் பொருட்படுத்தவேண்டாம் என்பது மைக்ரோசொப்ட்டின் பரிந்துரை. ஏறத்தாழக் கால்பங்கு வீண்! கால் ஏக்கரை வரம்பாக விட்டவனை ஊர் எப்படிப் பார்க்குமோ அப்படியே இவ்வெண்களை நோக்கும் செற்றிங் அண்ணை, அவற்றைச் சிறுகச் சிறுகக் குறைத்து, திரையிலுள்ள மனிதன் தானாக நகரத் தொடங்கும் எல்லையைக் கண்டுபிடித்து, அதற்கு ஒரு மயிரிழை இப்பால் நிறுத்துவார். இவ்வேலைக்கு இரண்டு மணித்தியாலம் செல்லும். பொறி திருத்துவோர் இத்தகைய தளர்வைப் ‘பிளே’ என்பர். ஆங்கிலத்தில் விளையாட்டுக்கும் அதே சொல்தான். சிறுவன் ஒரு பிளேக்காகக் காத்திருக்க, அண்ணை மற்றப் பிளேயில் மூழ்கியிருப்பார். உரசலே இல்லாமல் காந்தத்தைக் கொண்டு சாய்வை அளக்கும் குமிழ்கள் இப்போது பரவிவருகின்றன. எட்வின் ஹோல் 1879இல் கண்டறிந்த விளைவை அடிப்படையாகக் கொண்ட அவை எளிதில் தேய்வதில்லை. இச்செய்தியைச் செற்றிங் அண்ணை உற்சாகமின்றியே சொல்வார்.

எல்லாம் முடிந்தபின்னும் ஓர் அழுத்தத்துக்குத் திரை இரண்டு படி நகர்வதுண்டு. விளையாட்டை விற்று இயக்கும் ஸ்ரீம் மென்பொருள் கருவியின் சொல்லை மொழிபெயர்த்துக் கொடுக்க, விளையாட்டும் தனியே அதைக் கேட்டுவிடுவதால் வரும் கோளாறு இது. ஒரே மதகைத் திறக்கக் கமக்காரர் அமைப்பின் தலைவரும் செயலாளரும் தனித்தனியே ஆளனுப்பியதைப் போன்றது. ஒன்றை நிறுத்தினால் சரி.

இருட்டிவிடும். “தம்பி, தேத்தண்ணி ஆறிப்போச்சு” என்ற குரல் மூன்றாம் முறை கேட்கும். கார் சொன்ன பக்கம் திரும்பும், நிறுத்தினால் நிற்கும், குமிழைத் தொடாவிட்டால் ஒரு பக்கம் இழுக்காது. நன்றிப்பெருக்கில் சிறுவன் கருவியை நீட்டி, “முதல் நீங்கள் ஓடுங்கோ அண்ணை” என்பான். செற்றிங் அண்ணை மறுக்காமல் வாங்கி, காரை முழு வேகத்தில் எடுத்து, முதல் வளைவில் திரும்பாமல் நேரே சுவரில் மோதுவார். பின்னோக்கி எடுத்து மறுபடியும் மோதுவார். கருவியின் இடக்கைப்பிடிக்குள் கனத்த மோட்டாரும் வலக்கைப்பிடிக்குள் இலகுவானதும் இருந்து, மோதலின்போது இரண்டும் அதிரவேண்டும் என்பது விதி. கருவியைக் காதோடு சேர்த்து மூன்றாம் முறையும் மோதிப் பார்த்தபின், “இடப்பக்கம் ஊமை” என்று மகிழ்ச்சியோடு அறிவித்து, வீட்டில் சின்ன ஸ்குறூட்றைவர் இருக்கிறதா என்று கேட்பார். சிறுவன் கட்டிலில் போய்ப் படுத்துக்கொள்வான்.