சாரலடிக் கோட்பாடு: வீடு வளரும் முறை குறித்த ஓர் ஆய்வு

வீட்டைக் கட்டுவது கொத்தனார் என்பது பரவலான மூடநம்பிக்கை. அவர் தொடங்கி வைக்கிறார். மீதியை ஐப்பசி மழையும் துவைத்த துணியும் கட்டி முடிக்கின்றன. சென்னைப் புறநகர் வீடொன்றை வைத்து இதை நிறுவுவோம். (ஆய்வாளர் அங்கே வாடகை தராமல் வசிப்பவர், நடுநிலை பற்றிய ஐயம் நியாயமே.)

முதலில் திண்ணை. வழிப்போக்கர் உட்காரக் கட்டியது. வடகிழக்குப் பருவமழை சாரலடித்ததும் சாக்குப் படுதா வந்தது. படுதா கிழிந்து தகரத் தடுப்பு, தகரம் துருவேறிக் கிரில், கிரில் வந்ததும் பூட்டு. பூட்டு வந்துவிட்டால் அது அறைதான். இன்று அங்கே கட்டிலும் இன்வெர்ட்டரும் ஓடாத தையல் மெஷினும் குடியிருக்கின்றன. திண்ணை எந்த வருடம் மறைந்தது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை.

மொட்டை மாடியின் வரலாறு சர்ச்சைக்குரியது. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, மேலே தட்டோடு பதித்து, தண்ணீர் ஓட வாட்டம் விடுவார்கள். வாட்டம் கொஞ்சம் பிசகினாலும் தண்ணீர் தேங்கும். தேங்கினால் கீழே கூடத்தில் ஓதம். அதைத் தடுக்கவே தகர ஷெட்டு போடப்பட்டது என்கிறது அப்பா மரபு. மழையில் துணி உலரத்தான் என்கிறது அம்மா மரபு. ஷெட்டுக்குள் நான்கு கொடிகள் இருப்பதாலும், கூடத்தில் ஓதம் இன்னும் இருப்பதாலும், சான்றுகள் அம்மா பக்கமே. 2016 டிசம்பரில் வர்தா புயல் அந்த ஷெட்டைப் பிடுங்கிப் பக்கத்து வீட்டு முருங்கைமேல் போட்டது. புது ஷெட்டு பழையதைவிடப் பெரிதாக வந்தது. புயலும் வீட்டை வளர்க்கும் என்பதற்கு வேறென்ன ஆதாரம் வேண்டும்?

2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது இறக்கிய குழாயில் இப்போது மல்லிகை படர்ந்திருக்கிறது. நன்றாகவே பூக்கிறது.

வெளியே தெருவும் வளர்கிறது. பழைய சாலையைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுச் சாலை போட்டுப் போட்டு, வாசலில் நான்காக இருந்த படி ஒன்றாகிவிட்டது. இனி வீட்டுக்குள் இறங்கப் படி கட்ட வேண்டும். ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குகிறார்களாம், விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.

மாடி எடுப்பதற்காக அன்றே தூண்களில் விட்டுவைத்த கம்பிகள் துருப்பிடித்து அப்படியே நிற்கின்றன. இந்த வீட்டில் வரைபடம் போட்டு, யோசித்துத் திட்டமிட்ட மாற்றம் அது ஒன்றுதான்; நடக்காததும் அது ஒன்றுதான்.