வெட்டு தம்பி, தாராளமா வெட்டு!

வா தம்பி! கேரேஜ்லயே ஏரோப்ளேன் கட்டிட்டியாமே! றெக்கை ஆச்சு, வால் ஆச்சு, லைகாமிங் எஞ்சினும் ஏறியாச்சு. இனி எஞ்சினுக்கு ஒரு மூடி போட்டா பறந்துடலாம்னு சொல்லிக்கிட்டுத் திரியறியாம். அமெரிக்கா சட்டப்படி பாதிக்கு மேல நீயே செஞ்சிருக்கணும், அதாவது 51 சதம். மீதி 49-ஐ ஊரார் யோசனையாலயே முடிச்சுக்கலாம். இந்தா, என் பங்கு.

முதல்ல, பெட்டியைப் பிரிச்ச கையோட கௌலிங்கை, அதான் அந்த ஃபைபர் கிளாஸ் மூடியை, வெட்டிடு. அளவு கிளவெல்லாம் பயந்தவன் வேலை. அவன்தான் ப்ரொப்பெல்லர் பூட்டுற இடத்துல மரவட்டு ஒண்ணை மாட்டி, ப்ரொப்பெல்லர் மூக்குக் கூம்பு, அதான் ஸ்பின்னர், எங்கே நிக்கும்னு கணக்குப் பார்த்து, முன்னாடி சரிகட்டிக்கிட்டு, பின்னோரத்தை எஞ்சினுக்குப் பின்னாடி இருக்குற ஃபயர்வால் தடுப்புக்கு நூல் நூலா ராவிக்கிட்டுக் கிடப்பான். நீ கூட வெட்டிப்புட்டாத்தான் என்ன? ரெசின் இருக்கு, கண்ணாடித்துணி இருக்கு. உடம்பு அரிப்பு இலவசம்.

ஸ்பின்னருக்கும் கௌலிங்குக்கும் நடுவுல ரெண்டு நூல் சந்து விடுவாங்க. நீ ஒட்டியே வை, லட்சணமா இருக்கும். எஞ்சின் ரப்பர் மேலதான் உக்காந்திருக்கு. கிளப்பும்போதும் அணைக்கும்போதும் உதறும். நாள்பட ரப்பர் அமுங்கி மூக்கும் தொங்கும். அதனாலதான் பழம்பெருச்சாளிங்க ஸ்பின்னரை ஒரு மயிரிழை ஒசத்தியே நிறுத்திக்குவாங்க. உன் ரப்பர் அமுங்காது, உனக்குப் பயந்தது.

மூடி வெறும் அழகுக்குத்தான்னு நினைச்சுக்க. 1928-ல லாங்லி விமான ஆய்வுக்கூடத்து எஞ்சினியர் ஃபிரெட் வெய்க்கும் அவர் கூட்டாளிங்களும் வேலையத்துப் போயி, ஒரு கர்டிஸ் ஹாக் விமானத்து எஞ்சினுக்கு மூடி போட்டுப் பார்த்தாங்க. எஞ்சின் அதேதான், மணிக்கு 118 மைல் போனது 137 போச்சு. 1929-க்கான கோலியர் விமானப் பரிசுக் கோப்பையை வேற கொடுத்தாங்க. ஒரு மூடிக்கு!

அந்த மூடிக்குள்ள உன் எஞ்சினை ஆத்துறதும் காத்துதான். முன்வாய்ல புகுந்து, சிலிண்டருக்கு மேல சேர்ந்து, தகட்டு இடுக்கு வழியா இறங்கி, அடிவாய்ல வெளியேறணும். அதுவும் வாய்க்கால் தண்ணி மாதிரிதான். சந்து கண்ட இடத்துல உடைச்சுக்கிட்டு ஓடிடும். அதுக்குத்தான் பேஃபிள் தடுப்புத் தகட்டு ஓரத்துல ரப்பர் பட்டை. முன்பக்கமா வளைச்சு விட்டா காத்தே அமுக்கி அடைச்சுக்கும். நீ பின்பக்கமா மடிச்சு விடு. சிலிண்டர் தலைக்கு 260 டிகிரி செல்சியஸ் எல்லையாம். போய்த் தொட்டுட்டு வரட்டுமே, மாரிக்காலத்துக்கு இதமா இருக்கும்.

கடைசியா, பறந்து பார்க்குறதுக்கு முன்னாடியே பெயிண்டைப் பூசிடு. மறுபடி ராவ வேண்டி வரும்னு சொல்றவன் வாயில மண்ணு. பூசிட்டு ஓஷ்கோஷ் விமானத் திருவிழாவுக்கு ஓட்டிக்கிட்டுப் போ. அங்க வர்றவன் றெக்கையைத் திரும்பியும் பார்க்கமாட்டான். நேரா மூக்குக்கிட்ட வந்து, குனிஞ்சு, ஸ்பின்னர் சந்தைச் சுத்திச் சுத்திப் பார்த்துட்டு, "பெயிண்ட் ரொம்ப நல்லாயிருக்கு"ன்னு சொல்லிட்டு நகர்ந்துடுவான். சந்தோஷப்பட்டுடாதே தம்பி, அவங்க ஊர்ல திட்டுறது அப்படித்தான்.